மோசமாக வடிவமைக்கப்பட்ட கார் எஞ்சின்கள்: பழைய டர்போ கார் வாங்க நினைக்கும் ஒருவருக்கு விரிவான பதில்

கிள்ளானிலிருந்து கோலாலம்பூருக்குத் தினமும் வேலைக்கு வந்துபோகும் தம்பி ஒருவர் இப்படிக் கேட்டிருக்கிறார்: "பயன்படுத்திய ஐரோப்பிய டர்போ கார் ஒன்று வாங்கலாம் என்று இருக்கிறேன். வடிவமைப்பிலேயே கோளாறு உள்ள, நம்பி ஓட்ட முடியாத எஞ்சின்கள் எவை? அவை ஏன் அப்படி ஆயின? என் மாமாவோ, கண்டினென்டல் கார், அதாவது ஐரோப்பியக் கார், எதுவுமே வேண்டாம், பேசாமல் உள்ளூர் மைவி ஒன்று வாங்கிக்கொள் என்கிறார்." செகாம்புட் பக்கத்தில் எஞ்சின்களைப் பிரித்துக் கோப்பதையே தொழிலாகக் கொண்டவன் என்ற முறையில் இதற்குச் சற்று விரிவாகவே பதில் சொல்ல விரும்புகிறேன். மாமாவின் அறிவுரையில் நியாயம் உண்டு. ஆனால் எந்த நாட்டுக் கார் என்பதை வைத்து எஞ்சினை எடை போடுவது சரியான அளவுகோல் அல்ல.

முதலில் ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். அடிக்கடி பழுதாகும் எஞ்சின் எல்லாமே தவறாக வடிவமைக்கப்பட்டது என்று ஆகிவிடாது. ஹூண்டாய், கியா கார்களில் வந்த தீட்டா 2 எஞ்சினை எடுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவின் அலபாமா ஆலையில், பிஸ்டன்களின் அசைவைச் சுழற்சியாக்கும் தண்டான கிராங்க் ஷாஃப்டைக் கடைந்து துளையிடும்போது உண்டான உலோகத் துகள்கள் முழுமையாகக் கழுவி அகற்றப்படாமல் உள்ளேயே தங்கின. பிஸ்டனை அந்தத் தண்டோடு இணைக்கும் கனெக்டிங் ராடின் பேரிங்குக்கு எண்ணெய் போகும் வழியை அவை அடைத்ததால் பேரிங் தேய்ந்து, ஓடிக்கொண்டிருக்கும்போதே எஞ்சின் இறுகி நின்றது. 2015இல் அமெரிக்காவில் ஏறத்தாழ 4 லட்சத்து 70 ஆயிரம் கார்களும், 2017இல் மேலும் 12 லட்சம் கார்களும் திரும்ப அழைக்கப்பட்டன. குறைகள் மறைக்கப்படுவதை வெளியே சொன்ன ஹூண்டாய் பொறியாளர் கிம் குவாங்-ஹோவுக்கு அமெரிக்கச் சாலைப் பாதுகாப்புத் துறை 2021இல் 2 கோடியே 40 லட்சம் டாலருக்கும் அதிகமான வெகுமதியை வழங்கியது. அந்த முதல் கார்களைப் பொறுத்தவரை தவறு நடந்த இடம் ஆலை, வரைபடம் அல்ல. துகள் இல்லாமல் சுத்தமாக வெளிவந்த அதே எஞ்சின் ஒழுங்காக ஓடக்கூடியதுதான்.

வடிவமைப்புக் குற்றம் என்று நான் சொல்வது வேறு. விலை குறைந்த ஒரு சிறு பாகம் என்றாவது தேயும் என்று தெரிந்திருந்தும், அது தேய்ந்தால் எஞ்சின் முழுவதையும் அழிக்கும் இடத்தில் அதை வைப்பதும், தேய்வதை ஓட்டுநருக்கு முன்கூட்டி உணர்த்த எந்த ஏற்பாடும் செய்யாமல் விடுவதும், மாற்ற நினைத்தாலும் எஞ்சினையே இறக்கினால்தான் கையெட்டும் என்று அதைப் புதைத்து வைப்பதும்தான் என் கணக்கில் வடிவமைப்புக் குற்றம். இந்த மூன்றும் ஒன்றாக அமைந்துவிட்டால், காலம் தவறாமல் எண்ணெய் மாற்றும் பொறுப்பான உரிமையாளரும் தப்ப முடியாது. இப்படிப்பட்ட எஞ்சின்கள் பெரும்பாலும் அறியாமையால் பிறப்பதில்லை. நல்ல பொறியாளர்கள் ஒரு செலவை மிச்சப்படுத்த ஒப்புக்கொண்ட இடத்தில்தான் பிறக்கின்றன.

இதற்கு மிகத் தெளிவான எடுத்துக்காட்டு ஓல்ட்ஸ்மொபில் டீசல். 1970களின் எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் 1978 மாடல் கார்களில் 5.7 லிட்டர் வி8 டீசல் எஞ்சினைக் கொண்டுவந்தது. பெட்ரோல் எஞ்சினை அப்படியே டீசலாக்கிவிட்டார்கள் என்று பலர் சொல்வது முழு உண்மை அல்ல. சிலிண்டர்கள் அமைந்த உடற்பகுதியான பிளாக்கை நல்ல கனமான வார்ப்பாகவே செய்திருந்தார்கள். ஆனால் ஆலையில் ஏற்கெனவே இருந்த துளையிடும் எந்திரங்களையே பயன்படுத்த வேண்டும் என்பதற்காக, சிலிண்டர் ஹெட்டைப் பிளாக்கோடு இறுக்கும் போல்ட்டுகளைப் பெட்ரோல் எஞ்சினில் இருந்தபடியே, ஒரு ஹெட்டுக்கு 10 என்ற கணக்கில் விட்டுவிட்டார்கள். அக்காலத்துப் பெட்ரோல் எஞ்சினின் அழுத்த விகிதம் 8க்கு 1 என்ற அளவில் இருந்தது. இந்த டீசலிலோ அது 22.5க்கு 1. அந்த அழுத்தத்தைத் தாங்காமல் போல்ட் நீண்டது, ஹெட் இம்மியளவு தூக்கியது, இரண்டுக்கும் இடையே கசிவைத் தடுக்கும் கேஸ்கட் கிழிந்து, எஞ்சினைக் குளிர்விக்கும் நீரான கூலன்ட் சிலிண்டருக்குள் புகுந்தது. தண்ணீரை அழுத்திச் சுருக்க முடியாது என்பதால் அடுத்த சுற்றில் கனெக்டிங் ராடு வளைந்தது. பட்டறைகள் புதிய கேஸ்கட்டைப் போட்டு, ஏற்கெனவே நீண்டுபோன அதே போல்ட்டுகளை மீண்டும் இறுக்கியதால், பழுதுபார்த்த கார் சில மாதங்களில் அதே நோயோடு திரும்பி வந்தது. போதாக்குறைக்கு, டீசலில் கலந்திருக்கும் தண்ணீரைப் பிரிக்கும் வடிகட்டியையும் வைக்காமல் விட்டார்கள். அதனால் இன்ஜெக்ஷன் பம்ப் உள்ளே துருப்பிடித்தது. 1985இல் அந்த எஞ்சின் நிறுத்தப்பட்டபோது, டீசல் கார் என்றாலே ஒதுங்கிப் போகும் மனநிலை அமெரிக்க வாடிக்கையாளர்களிடம் ஊறிவிட்டிருந்தது. ஹெட் ஒன்றுக்கு இன்னும் சில போல்ட்டுகளும் ஒரு நீர் வடிகட்டியும் இருந்திருந்தால் இந்த வரலாறே வேறாக இருந்திருக்கும் என்பது என் உறுதியான கருத்து.

அதே நிறுவனத்தின் ஷெவர்லே வேகா, 1971 மாடலில், சிலிக்கன் அதிகம் கலந்த அலுமினிய பிளாக்கோடு வந்தது. சிலிண்டர் சுவரில் இரும்பு உறை கிடையாது. அலுமினியத்தில் துருத்தி நிற்கும் சிலிக்கன் துகள்களின் மீதே பிஸ்டன் ஓடும். இந்த யோசனையைக் குறை சொல்ல முடியாது. பின்னாளில் போர்ஷே 928 இதே வகை உலோகக் கலவையைக் கொண்டு நன்றாகவே ஓடியது. வேகாவில் நடந்தது என்னவென்றால், அலுமினிய பிளாக்கின் மேல் வார்ப்பிரும்பு ஹெட்டை வைத்து, போதுமான குளிர்விப்பும் கொடுக்காமல் விட்டதால், ஒருமுறை சூடு ஏறியதும் சிலிண்டர் சுவர் கீறல் விழுந்து எண்ணெய் குடிக்கத் தொடங்கியது. பிரிட்டனின் டிரையம்ஃப் ஸ்டாக் இதன் மறுதலை: இரும்பு பிளாக், அலுமினிய ஹெட், 3 லிட்டர் வி8. தண்ணீர்ப் பம்பை எஞ்சினின் உச்சியில் வைத்திருந்ததால், கூலன்ட் கொஞ்சம் குறைந்தாலே பம்ப் வெறும் காற்றைச் சுழற்றும். சூடு ஏறி ஹெட் வளைந்த பிறகுதான் ஓட்டுநருக்கே தெரியவரும். ஹெட்டைப் பிடித்திருக்கும் ஸ்டட்டுகளில் ஒரு வரிசை சாய்வாக இருந்து, அலுமினியத்தோடு அரித்து ஒட்டிக்கொள்வதால், அதைக் கழற்றுவதே ஒரு போராட்டம்.

என்எஸ்யூ ரோ 80 பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது அழகான கார். 1967இல் வாங்கெல் சுழல் எஞ்சினோடு வந்து, 1968இன் ஐரோப்பிய ஆண்டுக் கார் என்ற விருதையும் பெற்றது. முக்கோண ரோட்டரின் முனைகளில் இருக்கும் சிறு சீல்கள் வெகு விரைவில் தேய்ந்தன. உத்தரவாதத்தின் பேரில் எஞ்சின்களை மாற்றிக் கொடுத்தே அந்தச் சிறிய நிறுவனம் நலிந்து, 1969இல் வோல்க்ஸ்வேகன் குழுமத்தின் ஆவுடியோடு இணைக்கப்பட்டது. புதிய யோசனையை வாடிக்கையாளர் கையில் வைத்துச் சோதிக்கக் கூடாது என்பதற்கு இதைவிடத் துயரமான சான்று கார் வரலாற்றில் குறைவு.

இவை பழங்கதைகள். இன்று கோலாலம்பூரில் விற்பனைக்கு நிற்கும் கார்களுக்கு வருவோம்.

கையெட்டாத இடத்தில் புதைப்பது என்றேன் அல்லவா, அதற்கு பிஎம்டபிள்யூ என்47 டீசல் பொருத்தமான சான்று. 2007இல் வந்த இந்த எஞ்சினில், வால்வுகள் திறந்து மூடும் நேரத்தைப் பிஸ்டன்களோடு ஒத்துப்போக வைக்கும் டைமிங் செயின் முன்புறம் இல்லை. கியர்பாக்ஸை ஒட்டிய பின்புறத்தில் இருக்கிறது. தொடக்க ஆண்டுகளில் செய்யப்பட்டவற்றில் செயினும் அதைத் தாங்கும் பிளாஸ்டிக் வழிகாட்டிகளும் எதிர்பார்த்ததற்கு மிக முன்பே தேய்ந்தன. செயின் அறுந்தால் வால்வுகளும் பிஸ்டன்களும் மோதும். அறுவதற்கு முன் மாற்றலாம் என்றாலும் எஞ்சினை இறக்கியாக வேண்டும். பாகத்தின் விலையைவிடக் கூலி பல மடங்கு ஆகும் இடம் இது. மெர்சிடிஸின் எம்272 வி6 எஞ்சினில் அதிர்வைக் குறைக்கும் பேலன்ஸ் ஷாஃப்டின் பற்சக்கரம், 2006ஐ ஒட்டிய ஆண்டுகள் வரை, போதிய கடினம் இல்லாத உலோகத்தில் செய்யப்பட்டிருந்தது. பற்கள் தேய்ந்ததும் வால்வு நேரம் பிசகி எஞ்சின் விளக்கு எரியும். அந்த ஒரு பற்சக்கரத்துக்காக எஞ்சினை இறக்கிப் பிரிக்க வேண்டும். நம் ஊரில் இன்று மலிவாகக் கிடைக்கும் பழைய ஈ280 கார்களில் இந்த எஞ்சின் இருக்கிறது. விலை மலிவாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். போர்ஷே பாக்ஸ்டரிலும் 911இலும் வந்த எம்96 எஞ்சினின் இடைத்தண்டு பேரிங் இன்னொரு கொடுமை. ஒரு சிறிய பேரிங் உடைந்தால் முழு எஞ்சினும் போய்விடும். பெரும்பாலும் முன்னறிவிப்பே இருக்காது.

விருதுகளை நம்ப வேண்டாம் என்பதையும் இங்கே வலியுறுத்த விரும்புகிறேன். வோல்க்ஸ்வேகனின் 1.4 லிட்டர் ட்வின்சார்ஜர், காற்றை அழுத்தி உள்ளே செலுத்தும் சூப்பர்சார்ஜரும் டர்போவும் ஒன்றாகப் பொருத்தப்பட்ட எஞ்சின், 2009இலும் 2010இலும் ஆண்டின் உலகச் சிறந்த எஞ்சின் என்ற விருதைப் பெற்றது. கோல்ஃப், ஷிரோக்கோ வழியாக நம் சாலைகளுக்கும் அது வந்தது. சிறிய பிஸ்டனின் மீது ஏற்றப்பட்ட பெரும் அழுத்தத்தில் பிஸ்டன் ரிங் அமரும் விளிம்பு வெடித்து உடைவதும், டைமிங் செயின் தளர்வதும் அந்த எஞ்சினின் அறியப்பட்ட நோய்கள். ஃபோர்டின் 1.0 லிட்டர் ஈகோபூஸ்ட் 2012, 2013, 2014 என்று மூன்று ஆண்டுகள் தொடர்ந்து அதே விருதை வென்றது. பெஜோவின் 1.2 லிட்டர் பியூர்டெக் தன் பிரிவில் நான்கு முறை வென்றது. புத்தம் புதிய எஞ்சினின் வேகத்தையும் சிக்கனத்தையும் பார்த்துத் தரப்படும் விருது, பத்தாண்டு கழித்து அது எப்படி இருக்கும் என்பதைச் சொல்வதில்லை.

இந்தக் கடைசி இரண்டையும்தான் நம் காலத்தின் மிகப் பெரிய வடிவமைப்புத் தவறாக நான் கருதுகிறேன், அதனால் சற்று நின்று விளக்குகிறேன். வழக்கமாக ரப்பர் டைமிங் பெல்ட் எஞ்சினுக்கு வெளியே, எண்ணெய் படாமல், பிளாஸ்டிக் மூடிக்குள் ஓடும். எண்ணெய் வேண்டியது செயினுக்குத்தான். உராய்வையும் ஓசையையும் சிறிதளவு குறைப்பதற்காக, இந்த எஞ்சின்களில் ரப்பர் பெல்ட்டை எண்ணெய்க்குள்ளேயே ஓட விட்டார்கள். எண்ணெய் புதிதாகவும் குறிப்பிட்ட தரத்திலும் இருக்கும் வரை பெல்ட் தாங்கும். ஆனால் எஞ்சின் எண்ணெய் அப்படியே இருப்பதில்லை. எரியாத பெட்ரோல் பிஸ்டன் ரிங்குகளைத் தாண்டி எண்ணெயில் கலக்கிறது, பெட்ரோல் ரப்பரை ஊதவும் மென்மையாக்கவும் செய்கிறது. பெல்ட்டின் ஓரம் நைந்து நாரும் துகளுமாக உதிர்கிறது. உதிர்ந்தவை எங்கே போகும்? எண்ணெய்த் தட்டின் அடியில் பம்ப் எண்ணெய் உறிஞ்சும் வடிகட்டி வலைக்குத்தான். தட்டைக் கழற்றிப் பார்த்தால் அந்த வலையின் மேல் கறுப்பு ரப்பர் கூழாகப் படிந்திருக்கும்; நகத்தால் சுரண்டினால் தோல் போல உரிந்து வரும். வலை அடைபட்டால் எண்ணெய் அழுத்தம் விழும், டர்போவும் பேரிங்குகளும் முதலில் போகும். பியூர்டெக்கில் இன்னொரு ஆபத்தும் உண்டு: பிரேக்குக்கு வெற்றிடம் தரும் பம்பும் அதே எண்ணெயில்தான் ஓடுகிறது, அதன் வழி அடைபட்டால் பிரேக் மிதி கல்லாகிவிடும்.

இதில் எனக்கு ஆற்றாமை தருவது, பெல்ட் அறுவதற்கு முன்பே எஞ்சின் போய்விடுகிறது என்பதுதான். வெளியே ஓடும் பெல்ட் தேய்ந்தால் மாற்றிவிட்டு மறந்துவிடலாம். இங்கே பெல்ட்டின் கழிவே எஞ்சினின் இரத்தக் குழாயை அடைக்கிறது. கடைசியில் ஃபோர்டும் பெஜோவும் தம் புதிய எஞ்சின்களில் செயினுக்கே திரும்பின. பெஜோவைச் சேர்ந்த ஸ்டெல்லாண்டிஸ் குழுமம் 2024இல் ஐரோப்பாவில் இந்த பெல்ட் கோளாறுக்கான பாதுகாப்பை 10 ஆண்டு அல்லது 175,000 கிலோமீட்டர் வரை நீட்டித்தது. இங்கே பெஜோவின் '2008' என்ற மாடல் போன்ற கார்களை வாங்குபவர், அந்தச் சலுகை தம் காருக்கும் பொருந்தும் என்று தாமாக எண்ணிக்கொள்ளாமல் விற்பனையாளரிடம் எழுத்தில் கேட்டு வாங்குவது நல்லது.

நம் நாட்டில் இத்தகைய சிறிய டர்போ எஞ்சின்கள் இவ்வளவு விரைவாகப் பரவியதற்குச் சாலை வரியும் ஒரு காரணம். தீபகற்ப மலேசியாவில் 1.6 லிட்டர் தனியார் சலூன் காருக்கு ஆண்டுக்கு 90 ரிங்கிட், 2.0 லிட்டருக்கு 380 ரிங்கிட் வரை, 2.5 லிட்டருக்கு 880 வரை. சிசி குறைவாகவும் இழுவை அதிகமாகவும் இருந்தால் வரி மிச்சம் என்று பார்த்தே, பிஎம்டபிள்யூவும் பெஜோ-சித்ரோன் குழுமமும் இணைந்து உருவாக்கி 2006இல் வெளிவந்த பிரின்ஸ் 1.6 டர்போ எஞ்சினை நம்மவர்கள் ஏராளமாக வாங்கினார்கள். பெஜோ 308, 408, 508, 3008, மினி கூப்பர் எஸ் எல்லாவற்றிலும் அந்தக் குடும்பமே. 2.0 லிட்டர் காரோடு ஒப்பிட்டால் ஆண்டுக்கு 290 ரிங்கிட் வரை வரி மிச்சப்பட்டது. ஆனால் காலையில் ஸ்டார்ட் செய்யும்போது கடகடக்கும் டைமிங் செயின், செயலிழக்கும் உயரழுத்தப் பெட்ரோல் பம்ப், வெடிப்பு விடும் பிளாஸ்டிக் தெர்மோஸ்டாட் கூடு, பெட்ரோல் நேராகச் சிலிண்டருக்குள் பீய்ச்சப்படும் நேரடி இன்ஜெக்ஷன் என்பதால் பெட்ரோலால் கழுவப்படாமல் கரி படியும் வால்வுகள் என்று ஒவ்வொன்றாக வந்தன. அந்த எஞ்சினில் செயினை இறுக்கிப் பிடிப்பது எண்ணெய் அழுத்தம். எண்ணெய் குறைந்தால் செயின் தளரும். அந்த எஞ்சினோ எண்ணெயைக் குடிக்கும் பழக்கம் உடையது. ஒரு குறை இன்னொரு குறைக்கு வழி திறந்துவிடும் இந்தச் சங்கிலியைத்தான் மோசமான வடிவமைப்பு என்கிறேன்.

கூட்டரசு நெடுஞ்சாலையில் மாலை ஆறு மணிக்கு ஊர்ந்துபோகும் காரின் எஞ்சின், மீட்டர் காட்டும் கிலோமீட்டரைவிட மிக அதிகமாக உழைத்திருக்கிறது. ஐரோப்பிய நிறுவனங்கள் சில காலம் 20,000, 30,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை எண்ணெய் மாற்றினால் போதும் என்றார்கள். நெரிசலில் நிற்கும் நம் கார்களுக்கு அந்தக் கணக்கு உதவாது. மூடிய பானெட்டுக்குள் டர்போ சூட்டில் வேகும் ரப்பர், பிளாஸ்டிக் பாகங்களும் இங்கே சீக்கிரம் கெட்டியாகி உடைகின்றன.

உள்ளூர்க் காரையும் விட்டுவிட முடியாது. புரோட்டோனின் கேம்ப்ரோ 2004இல் ஜென்-2 காரில் வந்தபோது, 2,500 முதல் 3,500 சுற்று வரை இழுவை தொய்ந்தது. மேட்டில் ஏறும்போது எவருக்கும் அது தெரிந்தது. அது செயல்திறன் குறை, உயிர்க்குறை அல்ல. அடிப்பகுதி உறுதியானது, உதிரிப்பாகம் எங்கும் கிடைக்கும். பின்னர் எக்ஸோரா போல்டு, பிரிவே கார்களில் வந்த சிஎஃப்இ டர்போ வேறு கதை. ஆயில் கூலர் குழாய் சூட்டில் நைந்து வெடித்தால் எண்ணெய் சில நிமிடங்களில் கொட்டிவிடும். புரோட்டோன் பின்னர் மேம்படுத்திய குழாயை இலவசமாக மாற்றிக் கொடுத்தது. அந்த மாற்றம் செய்யப்பட்டதா என்று கேட்காமல் எவரும் பிரிவே டர்போவை வாங்கக் கூடாது. டொயோட்டாவும் தப்பவில்லை: ஆல்டிஸ் 1.8இல் வந்த 1இசட்இசட் எஞ்சினின் தொடக்கக் காலப் பிஸ்டன்களில் எண்ணெய் திரும்பி வடியும் துளைகள் சிறியவை. அவை கரியால் அடைபட்டு, கார் நீலப் புகை விடும். ஆனால் எண்ணெய் அளவைப் பார்த்து ஊற்றிக்கொண்டே இருந்தால் அந்தக் கார் ஆண்டுக்கணக்கில் ஓடும். உரிமையாளருக்குக் காலமும் வழியும் தரும் குறை அது. என்47இன் செயின் அந்த வாய்ப்பைத் தராது. இந்த வேறுபாட்டைத்தான் நான் முதன்மையாகப் பார்க்கிறேன்.

ஆகவே தம்பி, உங்கள் கேள்விக்கு நேராகப் பதில் சொன்னால், கிள்ளானிலிருந்து தினமும் நெரிசலில் வருபவருக்கு எண்ணெயில் ஓடும் பெல்ட் உள்ள எஞ்சினையும், ட்வின்சார்ஜரையும், முழுமையான பராமரிப்புப் பதிவேடு இல்லாத பிரின்ஸ் எஞ்சினையும் நான் பரிந்துரைக்க மாட்டேன். ஐரோப்பியக் கார்தான் வேண்டும் என்றால், டர்போ இல்லாத எஞ்சினையோ, செயின் வேலை முடித்ததற்கான ரசீது உள்ள காரையோ தேடுங்கள். பியூர்டெக் காரைப் பார்க்கப் போனால், எண்ணெய் ஊற்றும் மூடியைத் திறந்தாலே பெல்ட்டின் ஒரு பகுதி தெரியும். அதன் அகலத்தை அளக்கத் தனி அளவுகோல் உண்டு, ஊதிப்போன பெல்ட் அதற்குள் நுழையாது. எந்தக் கார் என்றாலும் எண்ணெய்க் குச்சியை உருவிப் பாருங்கள். பெட்ரோல் நாற்றம் அடித்தாலும், அளவு கீழ்க்கோட்டுக்கும் கீழே இருந்தாலும் விலை பேசவே வேண்டாம். மிக முக்கியமாக, எஞ்சின் முற்றிலும் குளிர்ந்திருக்கும்போது முதல் ஸ்டார்ட்டை நீங்களே பக்கத்தில் நின்று கேளுங்கள். தேய்ந்த செயினின் ஓசை அந்த முதல் சில நொடிகளில்தான் கேட்கும். நீங்கள் போய்ச் சேர்வதற்கு முன்பே விற்பவர் காரை ஓட்டிச் சூடேற்றி வைத்திருந்தால், மறுநாள் காலை வருவதாகச் சொல்லிவிட்டுத் திரும்பி வந்துவிடுங்கள்.